பெட்டி வரவில்லையா? வெளிக்கதவைத் தாண்டுவதற்கு முன்

விமான நிலையத்தில் பெட்டிகள் வரும் பெல்ட் நின்றுவிட்டது. கூட வந்தவர்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். உங்கள் பெட்டி மட்டும் வரவில்லை. வெளியே சொந்தக்காரர்கள் காத்திருக்கிறார்கள், தூக்கம் கண்ணைச் சுற்றுகிறது. "நாளைக்குப் போன் பண்ணிப் பார்த்துக்கலாம்" என்று பலர் கிளம்பிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிப் போகாதீர்கள். கதவைத் தாண்டிவிட்டால் மறுபடி உள்ளே வருவது பெரும்பாடு. பெட்டி வரவில்லை என்பதற்கு உங்கள் கையில் எழுத்துபூர்வமான ஆதாரமும் இருக்காது.

வராத பெட்டிகளில் மிகப் பெரும்பாலானவை உண்மையில் தொலைவதில்லை. ஏதோ ஒரு விமான நிலையத்தில் பத்திரமாகவே நிற்கின்றன. பெட்டிக்கும் உரியவருக்கும் நடுவே இருக்கும் தொடர்புதான் அறுந்துபோகிறது. அந்தத் தொடர்பைத் தாங்குவது செக்-இன் மேசையில் கைப்பிடியில் சுற்றி ஒட்டும் காகித டேக். அதில் 10 இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இலக்கத்தை விட்டுவிட்டால் அடுத்த மூன்றும் விமான நிறுவனத்தின் எண்: ஏர் இந்தியாவுக்கு 098, ஸ்ரீலங்கனுக்கு 603, சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு 618. கடைசி ஆறும் உங்கள் பெட்டிக்கு உரியவை. அதே எண் உள்ள சிறு துண்டைத்தான் உங்களிடம் தருகிறார்கள். அதைக் குப்பையில் போடுவதும் பெட்டியின் முகவரியைக் கிழித்துப் போடுவதும் ஒன்றுதான்.

செக்-இன் மேசையை விட்டு நகர்வதற்கு முன் டேக்கில் பெரிதாக அச்சிட்டிருக்கும் மூன்றெழுத்தைப் படியுங்கள். சென்னைக்கு எம்.ஏ.ஏ., திருச்சிக்கு டி.ஆர்.இசட்., மதுரைக்கு ஐ.எக்ஸ்.எம்., கோவைக்கு சி.ஜே.பி., கொழும்புக்கு சி.எம்.பி. உங்கள் கடைசி ஊரின் எழுத்து இல்லையென்றால் அங்கேயே காரணம் கேளுங்கள். சில நேரம் அது சரியாகவே இருக்கும். வெளிநாட்டிலிருந்து டெல்லியிலோ மும்பையிலோ இறங்கி உள்நாட்டு விமானம் பிடிப்பவர்கள், பெரும்பாலும் முதலில் இறங்கும் ஊரிலேயே பெட்டியை எடுத்து, சுங்கம் கடந்து, மறுபடி ஒப்படைக்க வேண்டும். அமெரிக்காவிலும் பெரும்பாலும் முதலில் இறங்கும் ஊரில் எடுத்துத்தான் ஆக வேண்டும். "கடைசி ஊர் வரைக்கும் போட்டாச்சு" என்று யாரோ சொன்னதை நம்பி, பெல்ட்டைத் தாண்டி நடந்துபோவோரின் பெட்டிகள் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

பெட்டி பின்தங்குவது அதிகம் நடப்பது விமானம் மாறும் இடத்தில்தான். இரண்டு விமானங்களுக்கு நடுவே 50 நிமிடம் இருந்தால் நீங்கள் ஓடிப்போய்ப் பிடித்துவிடலாம். பெட்டி ஓடாது. அதை இறக்கி, பிரித்து, வேண்டிய இடத்தில் மறுபடி ஸ்கேன் செய்து, அடுத்த விமானத்தின் வண்டியில் ஏற்ற வேண்டும். முதல் விமானம் அரை மணி தாமதமானால் அந்தச் சங்கிலி அறுந்துவிடும். டிக்கெட் விலை 2,000 ரூபாய் குறைகிறது என்று மிகக் குறுகிய இடைவெளியை எடுப்பது பெட்டியைப் பணயம் வைப்பதற்குச் சமம்.

இரண்டாவது காரணம் பழைய ஒட்டுகள். முந்தைய பயணத்தின் டேக்கும், பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டிய சின்ன பார்கோடு துண்டும் அப்படியே இருந்தால், ஸ்கேனர் எதைப் படிக்கும் என்று சொல்ல முடியாது. வீட்டிலேயே எல்லாவற்றையும் உரித்துவிடுங்கள். தொங்கும் வாரும் நாடாவும் கன்வேயர் உருளையில் சிக்கும்போது டேக் கிழியும். அட்டைப்பெட்டியைக் கயிற்றால் கட்டி அனுப்புகிறவர்கள் கயிற்றின் நுனி தொங்காமல் டேப் ஒட்டுங்கள்.

மூன்றாவது, பெட்டிக்குள் இருக்கக் கூடாத பொருள். ஒப்படைத்த பெட்டியில் பவர் பேங்க் வைக்கவே கூடாது, கைப்பையில்தான் எடுத்துச் செல்ல வேண்டும். 100 வாட்-மணி (Wh) வரை தனி அனுமதி வேண்டாம், 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் சம்மதம் வேண்டும், அதற்கு மேல் எடுத்துச் செல்லவே முடியாது. மேலே மில்லியாம்ப்-மணி (mAh) மட்டும் எழுதியிருந்தால் அதை 3.7 ஆல் பெருக்கி 1,000 ஆல் வகுங்கள்: 20,000 என்றால் 74 வாட்-மணி, 30,000 என்றால் 111. கொப்பரைத் தேங்காயும் கூடாது. அதன் எண்ணெய்ப் பசையால் எளிதில் தீப்பிடிக்கும் பொருளாகவே அது கணக்கிடப்படுகிறது. எக்ஸ்ரேயில் சந்தேகம் வந்தால் பெட்டி தனியே நிறுத்தப்படும். ஒலிபெருக்கியில் உங்கள் பெயரைக் கூப்பிட்டும் நீங்கள் போகவில்லை என்றால், விமானம் பெட்டி இல்லாமலே கிளம்பிவிடும்.

இதற்கு நேர்மாறான காட்சியும் உண்டு. ஏறாத ஒருவரின் பெட்டியைத் தேடி இறக்குவதற்காக விமானம் முழுவதும் காத்திருக்கும். பலர் சலித்துக்கொள்கிறார்கள். 1985 ஜூன் 23 அன்று ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அட்லாண்டிக் கடல் மேல் வெடித்து 329 பேர் இறந்தார்கள். அந்தக் குண்டு வான்கூவரில் ஒப்படைத்த பெட்டியில் இருந்தது. ஒப்படைத்தவர் விமானத்தில் ஏறவே இல்லை. ஆளில்லாத பெட்டியை இறக்கும் நடைமுறைக்குப் பின்னால் அந்த உயிர்கள் இருக்கின்றன. அதற்காக ஓர் இருபது நிமிடத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

சரி, பெட்டி வரவில்லை. பெல்ட் இருக்கும் கூடத்துக்குள்ளேயே விமான நிறுவனத்தின் லக்கேஜ் மேசை இருக்கும். பல விமானங்கள் மாறி வந்திருந்தால், கடைசியாக ஏற்றிவந்த நிறுவனத்திடம்தான் புகார் தர வேண்டும். "பி.ஐ.ஆர். போடுங்கள்" என்று கேளுங்கள். பெட்டி வராததைப் பதிவுசெய்யும் புகார்ப் படிவம் அது. மூன்றெழுத்து ஊர், இரண்டெழுத்து நிறுவனம், ஐந்து இலக்கம் என்று ஒரு கோப்பு எண் தருவார்கள். அதன் நகல் இல்லாமல் நகர வேண்டாம்.

அந்தப் படிவத்தில் "கறுப்புப் பெட்டி, உள்ளே துணிகள்" என்று எழுதினால் தேடுவதற்கு உதவாது. உலகமெங்கும் கறுப்புப் பெட்டிகள்தான் அதிகம். பெட்டியைத் தயாரித்த நிறுவனத்தின் பெயர், எத்தனை சக்கரம், உறையின் நிறம், உடைந்த ஜிப் என்று அடையாளம் சொல்லுங்கள். டேக் கிழிந்துபோன பெட்டியைத் திறந்து, உள்ளிருப்பதைப் பட்டியலிட்டுத்தான் உரியவரோடு பொருத்துகிறார்கள். மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவை, எவர்சில்வர் இட்லித் தட்டு, ஒரு கிலோ அப்பளக் கட்டு என்று எழுதினால் பொருத்தம் விரைவில் கிடைக்கும். கிளம்புமுன் திறந்த பெட்டியையும் மூடிய பெட்டியையும் போனில் படம் எடுத்து வைப்பதற்கு ஒரு நிமிடம் போதும். பெட்டிக்கு உள்ளேயும் பெயர், போன் எண் எழுதிய தாள் ஒன்றைப் போடுங்கள். வெளியில் கட்டும் அட்டை அறுந்துபோகும், உள்ளே இருக்கும் தாள் போகாது.

இந்தியாவில் இறங்குபவர்கள் இன்னொரு தாளும் வாங்க வேண்டும். வராத பெட்டிக்கான விமான நிறுவனச் சான்றில், சுங்க வரிச் சலுகையில் இன்னும் பயன்படுத்தாத பகுதி எவ்வளவு என்று குறித்து, சுங்க அதிகாரியின் கையெழுத்தைப் பெறுங்கள். பெட்டி பிறகு வரும்போது அந்தச் சலுகை அதற்குக் கிடைக்கும். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

கெடுவையும் நினைவில் வையுங்கள். 1999 மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி, உடைந்த பெட்டிக்கு 7 நாளுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தாமதமாக வந்த பெட்டிக்கு, அது கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாள். வரவேண்டிய நாளிலிருந்து 21 நாள் கழித்தும் வராவிட்டால் தொலைந்ததாகக் கருதி இழப்பீடு கேட்கலாம். வழக்குத் தொடர இரண்டு ஆண்டு. பன்னாட்டுப் பயணத்தில் இழப்பீட்டு வரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். அது பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு, ரூபாய் மதிப்பு மாறிக்கொண்டே இருக்கும். இந்தியாவுக்குள் வரம்பு 20,000 ரூபாய்தான். இவை உச்சவரம்புகள். நிரூபித்த அளவுக்குத்தான் பணம் கிடைக்கும். ஆகவே காத்திருக்கும் நாட்களில் வாங்கிய மாற்றுத்துணி, சோப்பு, பற்பசை வரை ரசீதைச் சேர்த்து வையுங்கள். கல்யாணத்துக்குப் போகிறவர்கள் நகையை ஒப்படைக்கும் பெட்டியில் வைக்கவே வேண்டாம். நகைக்கும் பணத்துக்கும் பொறுப்பேற்பதில்லை என்று பல நிறுவனங்களின் விதிகளிலேயே எழுதியிருக்கிறது.

மிகவும் கவலை தருவது தனியாகப் பயணம் செய்யும் பெற்றோர்தான். பேரக்குழந்தையைப் பார்க்க துபாய் வழியாகவோ தோஹா வழியாகவோ போகும் அம்மா, வீல்சேரில் வேகமாக வெளியே கொண்டுவரப்பட்டு, புகார் தராமலே மகள் வீட்டுக்குப் போய்விடுகிறார். பெட்டிக்குள் மூன்று மாத மாத்திரை. அவர்களுக்காக வீட்டிலேயே ஒரு தாள் எழுதிக் கொடுங்கள்: பெட்டி எத்தனை, என்ன நிறம், டேக் துண்டை எங்கே பத்திரமாக வைக்க வேண்டும், "பெட்டி வரவில்லை, பி.ஐ.ஆர். வேண்டும்" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி, தங்கப்போகும் வீட்டு முகவரி. போன் எண் மட்டும் அந்த நாட்டிலேயே எடுக்கக்கூடியதாக இருக்கட்டும். டிக்கெட்டில் கொடுத்த சென்னை எண்ணுக்கு விமான நிறுவனம் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும், அந்த போன் அம்மாவின் கைப்பையில் ரோமிங் இல்லாமல் கிடக்கும். மருந்துச்சீட்டும், இரண்டு வார மாத்திரையும், ஒரு மாற்றுப்புடவையும் அதே கைப்பையில் இருக்க வேண்டும்.