நேட்டால், 1897: கரையிறங்கவும் கடை வைக்கவும் என்னென்ன வேண்டும்

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவின் நேட்டால் காலனிக்கு 1893-ல் சுயாட்சி கிடைத்தது. அமைச்சரவை இனி உள்ளூர் வெள்ளையர் கையில். அங்கே குடியேறி வியாபாரம் செய்யும் இந்தியரைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். ஆனால் சட்டங்களுக்கு லண்டனின் ஒப்புதல் வேண்டும். சட்டத்தில் இனத்தின் பெயர் வரக்கூடாது என்றது லண்டன். சரி என்று பெயரை எடுத்துவிட்டார்கள். 1897-ல், ஹாரி எஸ்கோம்ப் பிரதமராக இருந்தபோது, குடியேற்றத்துக்கு 14-ஆம் எண் சட்டமும் வியாபார உரிமத்துக்கு 18-ஆம் எண் சட்டமும் வந்தன. இரண்டிலும் ‘இந்தியர்’ என்ற சொல்லைத் தேடினால் கிடைக்காது. அதைப் படித்து நிம்மதி அடைந்தவர்கள்தான் முதலில் மாட்டிக்கொண்டார்கள்.

முதலில் துறைமுகம். ஒப்பந்தக் கூலியாக வருகிறவர்களுக்கு இந்தச் சட்டத்தால் சிக்கல் இல்லை; கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமே! 1860-ல் சென்னையிலிருந்து முதல் கப்பல் வந்த நாளாக அந்தக் கதவு பெரும்பாலும் திறந்தேதான் இருந்தது. சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து வருகிறவருக்குத்தான் சோதனை. காலனிச் செயலருக்கு ஒரு விண்ணப்பத்தை உங்கள் கையாலேயே, ஏதாவது ஓர் ஐரோப்பிய மொழியின் எழுத்தில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். படிவம் சின்னதுதான்: பெயர், கடந்த 12 மாதம் எங்கே குடியிருந்தீர்கள், என்ன தொழில், எந்த ஊரில் எந்த ஆண்டு பிறந்தீர்கள். அவ்வளவே. தமிழிலோ குஜராத்தியிலோ நாலு தலைமுறைக் கணக்கை எழுதி வைத்திருப்பவரும் இங்கே எழுதப் படிக்கத் தெரியாதவர்தான்.

இதில் பெரிய பொறி மொழி அல்ல. எல்லோரும் எழுதிக் காட்ட வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அதிகாரி கேட்டால் எழுத வேண்டும். யாரிடம் கேட்பது என்பது அவர் இஷ்டம். ஸ்காட்லாந்திலிருந்து வரும் தச்சருக்கு எழுத வராது என்றாலும் கவலை இல்லை, அவரிடம் யாரும் காகிதத்தை நீட்டப் போவதில்லை.

எழுத முடியாவிட்டால் 100 பவுன் (தங்கக் கணக்கு அல்ல, பிரிட்டிஷ் பணம்) வைப்புத்தொகை கட்டி இறங்கலாம் என்று ஒரு பிரிவு உண்டு. இதை நம்பிக் கப்பல் ஏறாதீர்கள். ஒரே வாரத்துக்குள், நீங்கள் தடைசெய்யப்பட்டவர் அல்ல என்ற சான்றைக் காலனிச் செயலரிடமோ மாஜிஸ்திரேட்டிடமோ வாங்க வேண்டும். வாங்கினால் பணம் திரும்பும், இல்லாவிட்டால் அரசுக்குப் போகும். கப்பலில் எழுத வராதவருக்கு ஒரு வாரத்தில் எழுத வந்துவிடுமா? முதலாண்டு ஒப்பந்தக் கூலிக்கு மாதச் சம்பளம் 10 ஷில்லிங், அதாவது அரைப் பவுன். 100 பவுன் என்றால் பதினாறு வருடத்துக்கும் மேலான கூலி.

ஏற்கெனவே நேட்டாலில் குடியிருந்தவருக்கும், தடைசெய்யப்படாதவரின் மனைவிக்கும் சிறு பிள்ளைகளுக்கும் விலக்கு உண்டு. ஆனால் ‘குடியிருந்தேன்’ என்று வாயால் சொன்னால் போதாது. அதிகாரிக்குத் திருப்தி வர வேண்டும். அதனால் ஊருக்குக் கிளம்பும் முன்பே குடியிருப்புச் சான்றை வாங்கிப் பையில் வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். திரும்பி வரும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று போனவர்களுக்கு, நேட்டாலின் துறைமுகமான டர்பன் வருவதற்கு முன்பே, டிக்கெட் எடுக்கும் இடத்திலேயே பிரச்சினை தொடங்கியது. தடை உள்ளவரை இறக்கிவிட்டால் கப்பல் தலைவருக்கும் உரிமையாளருக்கும் குறைந்தது 100 பவுன் அபராதம். அப்புறம் எந்தக் கம்பெனி துணிந்து இடம் கொடுக்கும்? குடியேற்ற அதிகாரியின் வேலையைக் கப்பல் கம்பெனியின் குமாஸ்தாவே முடித்துவிட்டார்.

அடுத்து கடை. இதுதான் கூடுதல் கொடுமை, ஏனென்றால் இது ஏற்கெனவே உள்ளே இருப்பவரின் வயிற்றில் கை வைக்கிறது.

உரிமம் ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது. அதைத் தருவதும் மறுப்பதும் உரிம அதிகாரியின் விருப்பம். சட்டம் இரண்டு நிபந்தனைகளை வெளிப்படையாகச் சொல்கிறது: கணக்குப் புத்தகங்கள் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், கடை சுகாதாரமாக இருக்க வேண்டும். இவற்றைப் பார்த்துச் சம்பளத்துக்கு ஓர் ஆங்கிலக் கணக்கப்பிள்ளையை அமர்த்தி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, இனி உரிமம் நிச்சயம் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். நிபந்தனையை நிறைவேற்றாவிட்டால் உரிமம் கிடைக்காது. நிறைவேற்றினால் கிடைக்கும் என்று எங்கும் எழுதவில்லை.

மறுத்தால் மேல்முறையீடு யாரிடம்? நகர மன்றத்திடம். அதிகாரியை நியமித்ததும் அதே நகர மன்றம். மன்றத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் உங்களுக்குப் போட்டியாகக் கடை நடத்தும் வெள்ளை வியாபாரிகளும் உண்டு. நீதிமன்றத்துக்குப் போகலாம் என்றால், அந்த வழியைச் சட்டமே அடைத்துவிட்டது.

சோம்நாத் மகராஜ் என்ற இந்தியரின் வழக்கைப் பாருங்கள். 1898-ல் டர்பனில் அவருக்கு உரிமம் மறுக்கப்பட்டது. ஏன் என்று காரணம் கேட்டார், சொல்லவில்லை. அதிகாரியின் பதிவேட்டு நகலைக் கேட்டார், அதுவும் இல்லை. நேட்டால் உச்ச நீதிமன்றம் தலையிட்டது. உரிமம் கொடு என்று அது சொல்லவில்லை. விசாரணை முறை சரியில்லை, மறுபடி நடத்து என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. மறுபடி நடந்தது. இந்த முறை காரணம் சொன்னார்கள்: இந்த வகை வியாபாரத்துக்கு ஊரில் போதுமான கடைகள் இருக்கின்றன. மறுப்பு உறுதி. ஜெயித்த வழக்கில் அவருக்குக் கிடைத்தது ஒரு வாக்கியம். நியூகாசில் நகரத்து மறுப்பை எதிர்த்து பேரரசின் கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனார்கள். மேல்முறையீட்டுக்கு இடமில்லை என்பதுதான் அங்கேயும் பதில்.

உரிமம் இல்லாமல் விற்றால் 20 பவுன் அபராதம் என்பதால், ‘முடிவு வரும்வரை நடத்துகிறேன்’ என்ற யோசனையும் வேண்டாம்.

தெருவில் நடப்பதற்கும் ஒரு சட்டம் வந்தது, 28-ஆம் எண். இதில் மட்டும் இந்தியர் என்ற பெயர் தாராளமாக வருகிறது, காரணம் தலைப்பில் ‘பாதுகாப்பு’ இருக்கிறது. ஒப்பந்தத்தில் இல்லாத இந்தியரை ஓடிப்போன கூலி என்று தவறாகப் பிடிக்காமல் காக்க ஒரு பாஸ் தருவார்கள். வாங்குவது கட்டாயமில்லை. ஆனால் பாஸ் இல்லாமல் போய்ப் பிடிபட்டால், தவறான கைதுக்கு நஷ்டஈடு கேட்க முடியாது. கட்டாயமில்லை என்று சொன்னதை நம்பி வாங்காமல் இருக்க வேண்டாம்.

ஓட்டுரிமையைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. 50 பவுன் சொத்தோ ஆண்டுக்கு 10 பவுன் வாடகையோ உள்ள ஆண்களுக்கு ஓட்டு என்பது பழைய விதி. நாடாளுமன்ற வாக்குரிமை முறை இல்லாத நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கும் அவர்கள் வாரிசுகளுக்கும் 1896 சட்டம் அதை மூடியது. ஐரோப்பிய வம்சாவளியினருக்கு விலக்கு. ஏற்கெனவே பட்டியலில் இருந்தவர்கள் தப்பினார்கள். அப்போதைய பட்டியலில் ஐரோப்பியர் 9,309 பேர், இந்தியர் 251 பேர். இந்த 251-க்குத்தான் அவ்வளவு கலக்கம்.

மண்ணின் மைந்தரான ஆப்பிரிக்கருக்கு, ஓட்டு வாங்க இதைவிட நீளமான நிபந்தனை வரிசை 1865-லிருந்தே இருந்தது. 12 ஆண்டு குடியிருப்பு, சொத்து, பூர்வகுடிச் சட்டத்திலிருந்து (ஆப்பிரிக்கருக்கு மட்டும் வைத்த தனிச் சட்டம்) விலக்கு பெற்று 7 ஆண்டு, மூன்று வெள்ளை வாக்காளர்களின் கையெழுத்து, அதற்கு மேல் ஒரு நீதிபதியின் ஒப்பம். எல்லாம் கொண்டு போனாலும் கவர்னர் விரும்பினால் தரலாம், விரும்பாவிட்டால் மறுக்கலாம். வாங்கியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

உரிமச் சட்டத்தில் சிறு தளர்வு வர 1909 ஆனது. பழைய உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தால் மட்டும் உச்ச நீதிமன்றம் போகலாம் என்றார்கள். புதிதாகக் கடை போட நினைத்தவருக்கு அப்போதும் அதே அதிகாரி, அதே நகர மன்றம்.