சித்திரையில் மோதிரம் ஏன் இறுகுகிறது?

பங்குனி பாதி தாண்டினால் ஈரோட்டிலும் கரூரிலும் வெயில் 40 டிகிரியைத் தொடும். காலையில் சுலபமாகக் கழன்ற மோதிரம் சாயங்காலம் கழலாது. செருப்பு வார் காலில் தடம் பதிக்கும். இதற்கும் எடைக்கும் சம்பந்தமில்லை. சூட்டை வெளியேற்றுவதற்காகத் தோலடி ரத்தக் குழாய்கள் விரிகின்றன. அவற்றிலிருந்து கொஞ்சம் நீர் கசிந்து கைகால்களில் தேங்குகிறது. வெயில் ஆரம்பித்த முதல் சில நாள்களில் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனும் கூடுதலாகச் சுரக்கும். உப்பையும் நீரையும் வெளியே விடாமல் பிடித்து வைக்கும்படி சிறுநீரகத்தைச் செய்வது அதுதான். உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். பெரும்பாலும் அதற்குள் வீக்கம் தானாக வடிந்துவிடும்.

மற்றவர்கள் மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். அனொரெக்ஸியா (குண்டாகிவிடும் பயத்தில் பட்டினி கிடப்பது), புலிமியா (அளவில்லாமல் தின்றுவிட்டு வாந்தியெடுத்தோ பேதி மாத்திரை போட்டோ வெளியேற்றுவது) போன்ற உண்ணுதல் கோளாறிலிருந்து மீண்டுவருபவருக்கோ அந்த இறுக்கம் ‘குண்டாகிவிட்டேன்’ என்ற சேதியாகவே போய்ச் சேரும். இந்தக் கோளாறுகளுக்கான பேச்சு சிகிச்சையை வடிவமைத்த ஆக்ஸ்போர்டு மனநல மருத்துவர் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் இதைத் தனியாகக் கவனித்தார். குண்டாக இருக்கிறோம் என்ற உணர்வு ஒரே நாளில் பலமுறை ஏறி இறங்குகிறது. உடம்பிலுள்ள கொழுப்பு அப்படி ஏறி இறங்குவதில்லை. ஆகவே அந்த உணர்வுக்குள் வேறு ஏதோ ஒளிந்திருக்கிறது. புழுக்கம், ஒட்டும் வேர்வை, தொடை உரசல், வயிறு நிறைந்த கனம், அலுப்பு, கூச்சம் எல்லாவற்றுக்கும் மனம் ‘குண்டு’ என்ற ஒரே பெயரைச் சூட்டிவிடுகிறது. கோடைக்காலம் இவற்றை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்குகிறது.

இதற்கான பயிற்சி எளிது, ஆனால் விடாமல் செய்ய வேண்டும். அந்த எண்ணம் உச்சத்தில் இருக்கும்போது மணி எத்தனை, சற்றுமுன் என்ன நடந்தது, உடம்பில் எந்த இடத்தில் என்ன தெரிகிறது என்ற மூன்றையும் ஒரு வரியில் எழுதுங்கள். ‘3 மணி, பஸ்ஸில் நெரிசல், சுடிதார் முதுகில் ஒட்டுகிறது.’ இரண்டு வாரம் எழுதினால் எந்த நேரத்தில், எந்தச் சூழலில் அது வருகிறது என்று உங்களுக்கே பிடிபடும். புழுக்கத்துக்கு மருந்து குளியலும் தளர்ந்த பருத்தித் துணியும்; பட்டினி அல்ல.

மீளும் உடம்புக்கு இன்னொரு நீர்க்கணக்கும் உண்டு. நெடுநாள் பட்டினிக்குப்பின் சாப்பிடத் தொடங்கியதும் கல்லீரலும் தசைகளும் தீர்ந்துபோன கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பை நிரப்பிக்கொள்கின்றன. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் ஏறத்தாழ 3 கிராம் நீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். வாந்தியெடுப்பதையும் பேதி மாத்திரையையும் நிறுத்தியவர்களுக்கு வீக்கம் இன்னும் அதிகம். இழந்த நீரை ஈடுகட்ட உயர்ந்திருந்த ஆல்டோஸ்டிரோன் இறங்க இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். வீக்கத்துக்குப் பயந்து மறுபடி மாத்திரையை எடுத்தால் அந்த ஹார்மோன் மறுபடி ஏறும். பலர் வழுக்குவது இந்த இடத்தில்தான்.

திரும்பி வரும் எடை முதலில் வயிற்றுப் பகுதியில் படிவதும் உண்மைதான். எடை நிலைத்து ஓராண்டு அளவு அப்படியே இருந்தால் அது மெல்ல மெல்ல உடம்பெங்கும் பரவிவிடுகிறது. ‘வயிறு மட்டும் பெருத்துவிட்டது’ என்பதில் பாதி நிஜம். ‘இனி இப்படியேதான்’ என்பதுதான் பொய்.

எடை பார்ப்பது சிகிச்சை தருபவரோடு வாரம் ஒருமுறை போதும். நீர் ஏறி இறங்குவதிலேயே ஒரே நாளில் ஒரு கிலோ மாறலாம். தினமும் தராசில் ஏறினால் படிப்பது அந்த நீரைத்தான். மணிக்கட்டை விரலால் சுற்றிப் பார்ப்பதும், போன வருஷ ஜாக்கெட்டைப் போட்டுப் பார்ப்பதும் இதே ரகம். உற்றுப் பார்க்கப் பார்க்க எந்த உறுப்பும் விகாரமாகத் தெரியும். துணியின் அளவுச்சீட்டையும் நம்ப வேண்டாம். ஒரு நாட்டு ஆர்டருக்கு ‘எம்’ என்று திருப்பூரில் தைக்கும் பனியன் இன்னொரு நாட்டு ஆர்டருக்கு ‘எல்’ என்று போகலாம். டெய்லரிடம் அளவு கொடுக்கும்போது எண்ணைச் சத்தமாகச் சொல்லாமல் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். ஜாக்கெட்டின் பக்கவாட்டில் துணியை உள்ளே விட்டு இரண்டு மூன்று தையல் ஓட்டி வைப்பது அவர்கள் வழக்கம்; வேண்டியபோது ஒன்றைப் பிரித்துவிடலாம். உடம்பு ஒரே அளவில் நிற்காது என்பது தையல் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

சாப்பாட்டில் கோடைக்கென்று தனிச் சிக்கல் உண்டு. சூடு பசியை மட்டுப்படுத்தும். மீளும் காலத்தில் பசி ஏற்கெனவே நம்பத்தக்கதாக இருக்காது. எனவே கடிகாரத்தைப் பார்த்துத்தான் சாப்பிட வேண்டும். மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் இரண்டு மூன்று சிற்றுண்டி; எந்த இடைவெளியும் 4 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. அரிசிம்பருப்பு சாதம் சூடாக இறங்கவில்லை என்றால் தயிர் சாதமும் பொரியலும் சாப்பிடலாம். வடிவம் மாறலாம், அளவு குறையக் கூடாது. இளநீரும் நுங்கும் நீர்மோரும் தாகத்துக்கு. மதியச் சாப்பாட்டின் இடத்தில் அவை வந்தால் அது சறுக்கலின் தொடக்கம். ‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்று ஊரே சொல்லும். கொள்ளு ரசம் நம் வீட்டுச் சாப்பாடு, தப்பில்லை. காலை டிபனுக்குப் பதில் கொள்ளுக்கஞ்சி மட்டும் என்று யாராவது ஆரம்பித்தால் வீட்டார் கேட்க வேண்டும். மாரியம்மன் நோன்பிக்கு விரதம் இருப்பதும் இந்த வருஷம் வேண்டாம். வேண்டுதலை அன்னதானமாகவோ விளக்காகவோ மாற்றிக்கொள்ளலாம்.

வாந்தியோ பேதி மாத்திரையோ தொடரும்போது வேர்வையும் சேர்ந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் சரிந்து இதயத்துடிப்பு தடுமாறலாம். படபடப்பு, மயக்கம், கடுமையான தசைப்பிடிப்பு வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போய் ரத்தப் பரிசோதனையும் ஈ.சி.ஜி.யும் எடுக்க வேண்டும். வெகுநாள் பட்டினி கிடந்தவருக்கு வீட்டிலேயே திடீரென்று வயிறாரப் போடுவதும் ஆபத்து; ரத்தத்தில் பாஸ்பேட் என்ற தாது உப்பு சட்டென்று இறங்கலாம். மருத்துவர் மேற்பார்வையில்தான் கூட்ட வேண்டும். மனம் தாங்காத நேரத்தில் அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸ் எண் 14416க்கு எப்போது வேண்டுமானாலும் கட்டணமில்லாமல் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

வைகாசி முகூர்த்தங்களில் சொந்தபந்தத்தின் வாய் இருக்கிறது. “ஏனம்மிணி, நல்லாப் பூசுனாப்புல ஆயிட்டே!” என்பது அத்தைக்குப் பாராட்டு, கேட்பவருக்கு அன்றிரவுச் சோறு இறங்காது. “மூஞ்சி தெளிஞ்சிருச்சு கண்ணு” என்பதும் சில சமயம் அதே வேலையைச் செய்யும். அம்மா முந்தின நாளே போன் போட்டு, “புள்ளையோட ஒடம்பப் பத்தி எதுவும் பேச வேண்டாமுங்க” என்று சொல்லிவிடுவது நல்லது. சொல்லியும் கேட்காதவர்களுக்கு ஒரு பதிலைத் தயாராக வைத்திருங்கள்: “அதை விடுங்க அத்தை, மாப்பிள்ளை வீடு எந்த ஊருங்க?” மண்டபத்தில் முதல் பந்தியிலேயே உட்கார்ந்துவிட வேண்டும். கடைசிப் பந்திக்குக் காத்திருந்தால் 4 மணி நேரக் கணக்கு உடையும். அதிகாலை முகூர்த்தமாக இருந்தால் கைப்பையில் இரண்டு கடலை உருண்டையும் ஒரு வாழைப்பழமும் இருக்கட்டும்.