‘சோஃபிஸ்டிகேட்டட்’ முதலீட்டாளர்: சொல்லும் பொருளும்

தனியார் முதலீட்டு நிதி ஒன்றில் பணம் போட விரும்பிக் கோலாலம்பூரிலோ பினாங்கிலோ ஒரு நிதி நிறுவனத்தின் படியேறுகிறவர், முதலில் ஓர் உறுதிமொழிப் படிவத்தை நிரப்ப வேண்டியிருக்கும். தாம் ‘சோஃபிஸ்டிகேட்டட் இன்வெஸ்டர்’, மலாயில் ‘பெலாபூர் சோஃபிஸ்டிகேட்டட்’, அதாவது தம்மைத் தாமே காத்துக்கொள்ள வல்லவராகச் சட்டம் கருதும் முதலீட்டாளர், என்னும் வகையில் எந்தப் பிரிவின்கீழ் வருகிறார் என்று கட்டத்தில் குறியிட்டு அவர் கையொப்பமிடுவார். இதைச் சிலர் ‘அதிநவீன முதலீட்டாளர்’ என்று தமிழாக்கிவிடுகிறார்கள். கைப்பேசிக்கும் மருத்துவக் கருவிக்கும் சூட்டும் அடைமொழியை ஆளுக்குச் சூட்டினால் பொருள் விளங்காது, நகைப்புதான் மிஞ்சும்.

இச்சொல்லின் வேர் கிரேக்க மொழியில் அறிவைக் குறிக்கும் ‘சோஃபியா’. அதிலிருந்து பிறந்த ‘சோஃபிஸ்ட்’ என்பது, கட்டணம் பெற்றுக்கொண்டு சொல்வன்மை கற்பித்த ஆசிரியர்களைக் குறித்து, பின்னர் சொற்சாலம் செய்வோருக்கான வசைப்பெயராயிற்று. இடைக்கால இலத்தீனில் அதன் வினைவடிவம் கலப்படம் செய்தல் என்ற பொருளில் வழங்கியது. ஆங்கிலத்திலும் ‘சோஃபிஸ்டிகேட்டட்’ என்றால் நெடுங்காலம் தூய்மை கெட்டது என்றே பொருள். உலகம் அறிந்தவர், நயம் தெரிந்தவர் என்ற மெச்சுதல் 19ஆம் நூற்றாண்டில்தான் அதில் ஏறியது.

சட்டத்தில் இக்கருத்து வேரூன்றியது அமெரிக்காவில், 1953இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ரால்ஸ்டன் பியூரினா வழக்கில் வழங்கிய தீர்ப்பினால். கால்நடைத் தீவனம் தயாரித்த அந்நிறுவனம், பொதுமக்களுக்குப் பங்கு விற்கும்போது செய்ய வேண்டிய பதிவைச் செய்யாமல், தன் ஊழியர்களுக்குப் பங்குகளை விற்றது. வாங்கியவர்களில் தீவன மூட்டை ஏற்றும் பிரிவின் மேற்பார்வையாளர், மின்பணியாளர், சுருக்கெழுத்தர், கால்நடை மருத்துவர் எனப் பலரும் இருந்தார்கள். தம்மைத் தாமே காத்துக்கொள்ள வல்லவர்களிடம் விற்றால் மட்டுமே அது தனியார் விற்பனை, ஏனையோருக்குச் சட்டத்தின் காப்பு தேவை என்று நீதிமன்றம் கூறியது. நம் படிவத்துக் கட்டங்கள் கேட்பதும் இதைத்தான்.

ஆனால் காத்துக்கொள்ளும் வல்லமையை எப்படி அளப்பது? பெரும்பாலும் பணத்தால் அளக்கிறார்கள். மலேசியாவில் 2007ஆம் ஆண்டின் மூலதனச் சந்தை, சேவைகள் சட்டமும், ‘சுருஹன்ஜாயா செக்யூரிட்டி’ என நாம் அறிந்த பங்குப் பத்திர ஆணையம் 2024 பிப்ரவரியில் வெளியிட்ட வழிகாட்டியும் இந்த அளவுகோலை வகுக்கின்றன. தனியாகவோ வாழ்க்கைத் துணையோடு சேர்த்தோ நிகரச் சொத்து 30 லட்சம் ரிங்கிட்டைத் தாண்ட வேண்டும். அல்லது ஆண்டு வருமானம் தனி ஒருவருக்கு 3 லட்சம், தம்பதிக்கு 4 லட்சம் ரிங்கிட் என்ற வரம்பைத் தாண்ட வேண்டும். அல்லது கையிலுள்ள முதலீடுகளின் நிகர மதிப்பு 10 லட்சத்தைத் தாண்ட வேண்டும். முன்பு குடியிருக்கும் வீட்டைச் சொத்துக் கணக்கில் சேர்க்கவே முடியாது. இப்போது அதன் மதிப்பில் 10 லட்சம் வரை சேர்க்கலாம். வீட்டு விலை உயர்ந்த பங்சாரிலோ தஞ்சோங் புங்காவிலோ பழைய வீடு ஒன்றை வைத்திருப்பவருக்கு இது சிறிய மாற்றம் அல்ல. நிதித்துறைப் படிப்பும் பணி அனுபவமும் உள்ளவர்களையும் புதிய வழிகாட்டி ஏற்கிறது. அறிவைப் பொருளாகக் கொண்ட ஒரு சொல்லுக்கு அறிவு மிகத் தாமதமாகவே வந்து சேர்ந்திருக்கிறது என்பது என் எண்ணம்.

இத்தகையோருக்கு மட்டும் விற்கப்படும் நிதியை மலாயில் ‘டானா போரோங்’, அதாவது மொத்த விற்பனை நிதி, என்கிறார்கள். செலாயாங் பசார் போரோங் எனும் மொத்தச் சந்தையில் காய்கறியை மூட்டையாக வாங்குகிறவரைப் போல, இங்கும் தரம் பார்ப்பது வாங்குகிறவரின் பொறுப்பாகிறது. பலரின் பணத்தைத் திரட்டி முதலிடும், பொதுமக்களுக்கான யூனிட் டிரஸ்டுக்கு ஆணையத்தில் பதிவான விளக்க அறிக்கை வேண்டும். மொத்த விற்பனை நிதிக்கோ, 2015 முதல் நடப்பிலுள்ள முறைப்படி, ஆவணங்களை ஆணையத்திடம் ஒப்படைத்துவிட்டு விற்பனையைத் தொடங்கலாம்.

தகுதிக்கும் கட்டணத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. இலாபத்தில் பங்கு கேட்கும் கட்டணத்தை அமெரிக்காவின் 1940ஆம் ஆண்டு முதலீட்டு ஆலோசகர் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. குறிப்பிட்ட செல்வ வரம்பைத் தாண்டிய வாடிக்கையாளருக்கு மட்டும் விலக்கு உண்டு. ‘இரண்டும் இருபதும்’ என்று இத்துறையினர் சொல்லும் வழக்கத்தில், நிதியின் மதிப்பில் ஆண்டுக்கு 2 விழுக்காடு மேலாண்மைக் கட்டணம், இலாபத்தில் 20 விழுக்காடு ஆதாயப் பங்கு. சந்தை ஏறினாலும் இறங்கினாலும் ஈட்ட முயலும் தனியார் நிதியான ஹெட்ஜ் நிதிகளில் முதலாவதை 1949இல் தொடங்கிய ஆல்ஃபிரட் வின்ஸ்லோ ஜோன்ஸ் அந்த இருபதை மட்டுமே வாங்கினார். பயணம் வெற்றியானால் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்ட பினீசியக் கப்பல் வணிகர்களை அதற்கு முன்மாதிரியாகக் காட்டினார் என்பார்கள். மேலாண்மைக் கட்டணமான அந்த இரண்டு பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. 3 லட்சம் ரிங்கிட் போட்டு ஓராண்டில் 30,000 இலாபம் வந்தால், தோராயக் கணக்கில் மேலாண்மைக்கு 6,000, ஆதாயப் பங்காக 6,000 என 12,000 போய்விடும். நட்டம் வந்தாலும் முதல் 6,000 போகத்தான் செய்யும். இதனால்தான் விவரமறிந்தவர்கள் இரண்டு விதிகளைக் கேட்டு வாங்குகிறார்கள். ஒன்று, குறிப்பிட்ட ஈட்டு வீதத்தைத் தாண்டினால்தான் ஆதாயப் பங்கு என்பது. மற்றொன்று, நிதி சரிந்து மீண்டால் பழைய உச்சத்தைக் கடந்த பிறகே அப்பங்கை எடுக்கலாம் என்பது. இவற்றை ‘தாண்டு வீதம்’, ‘உச்சக் குறி’ எனலாம். ‘செயல்திறன் கட்டணம்’ என்ற புழக்கச் சொல்லைவிட ‘ஆதாயப் பங்கு’ எனக்கு உகந்தது. சந்தை தானாக ஏறினாலும் அந்தப் பணம் எடுக்கப்படும். அதில் திறன் என்ன இருக்கிறது?

இனி முதன்மைச் சொல்லுக்கு வருவோம். பேச்சில் ‘விவரமான ஆள்’ என்பது மூலச்சொல்லின் இன்றைய பொருளுக்கு மிக அருகில் நிற்கிறது. ஆயினும் சட்டம் பெரும்பாலும் விவரத்தைச் சோதிப்பதில்லை. பரம்பரைச் சொத்தால் வரம்பைத் தாண்டியவரும் இப்பெயரைப் பெறுகிறார். ஆகவே புகழ்ச்சியோ இகழ்ச்சியோ ஏறாத ‘தகுதிநிலை முதலீட்டாளர்’ என்பதே ஆவணங்களுக்குப் பொருத்தம்.

சிங்கப்பூரின் ‘அக்ரெடிட்டட் இன்வெஸ்டர்’ இதனின்றும் வேறு. அதற்கு ‘ஏற்புநிலை முதலீட்டாளர்’ என்று எழுதி இரண்டையும் பிரித்துக் காட்டலாம். அங்கே நிகரச் சொத்து 20 லட்சம் சிங்கப்பூர் வெள்ளியைத் தாண்ட வேண்டும், அல்லது ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குக் குறையாதிருக்க வேண்டும். 2019 ஏப்ரல் முதல், வரம்பைத் தாண்டிய தனிநபரும் தாமே ஒப்புதல் தந்தால்தான் அப்படி நடத்தப்படுவார். வேண்டாமென்றால் பொது முதலீட்டாளருக்குரிய காப்போடு இருந்துகொள்ளலாம்.