ஐஎம்எஸ்ஸிலிருந்து டிபி2-வுக்குப் போகும்போது தொலைந்துபோகும் வரிசை

ஐஎம்எஸ் என்ற பழைய மெயின்ஃபிரேம் டேட்டாபேஸை, டேபிள்களில் தகவலை வைக்கும் டிபி2-வுக்கு மாற்றப்போகிறோம் என்றதும் மீட்டிங்கில் முதலில் வரும் கேள்வி, "மொத்தம் எத்தனை செக்மென்ட்?" என்பதுதான். ஐஎம்எஸ்ஸில் தகவல் பேரன்ட், சைல்டு என்று மரம் போல அடுக்கியிருக்கும், அதில் ஒவ்வொரு துண்டும் ஒரு செக்மென்ட். ஒவ்வொரு செக்மென்ட்டுக்கும் ஒரு டேபிள், பேரன்ட்டின் கீயை (அடையாள எண்) சைல்டு டேபிளில் ஃபாரின் கீயாகச் சேர், முடிந்தது என்று ப்ளான் போட்டுவிடுவார்கள். அந்தப் பகுதியை மாற்றித் தரும் டூலே செய்துவிடும், சிக்கல் அங்கே இல்லை.

அப்பல்லோ திட்டத்தில் சாட்டர்ன் 5 ராக்கெட்டின் உதிரிபாகப் பட்டியலைச் சமாளிக்க ஐபிஎம், ராக்வெல், கேட்டர்பில்லர் மூன்றும் சேர்ந்து உருவாக்கியது ஐஎம்எஸ். 1968-இல் அது ஓட ஆரம்பித்துவிட்டது. எட்கர் காட் ரிலேஷனல் மாடல் பற்றி, அதாவது டிபி2-வுக்கு அடிப்படையான டேபிள் முறை பற்றி, எழுதிய கட்டுரை வந்தது 1970-இல்தான். டேபிளில் இருக்கும் வரிகளுக்கு வரிசை கிடையாது என்பது காட் சொன்ன உலகம். ஐஎம்எஸ்ஸில் சைல்டு செக்மென்ட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருக்கும், கோபால் (COBOL) மொழிப் புரோகிராம் ஜிஎன்பி (அதே பேரன்ட்டுக்குள் அடுத்ததைக் கொடு) என்று கேட்டால் அடுத்தது வரும், அந்த "அடுத்தது" எது என்பதே பல இடங்களில் ஒரு தகவல்.

ஒரு இன்சூரன்ஸ் டேட்டாபேஸை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே ரூட் செக்மென்ட்டாக பாலிசி, அதன் கீழே முகவரி செக்மென்ட். முகவரிக்குக் கீ இல்லை, தேதியும் இல்லை. டிபிடியில், அதாவது டேட்டாபேஸின் அமைப்பை விவரிக்கும் வரையறையில், இன்சர்ட் ரூல் 'ஃபர்ஸ்ட்' என்று மட்டும் இருக்கும். அதாவது புது முகவரி எப்போதும் முன்னால் போய் உட்காரும். புரோகிராம் முதல் செக்மென்ட்டைப் படித்து நோட்டீஸ் அச்சடிக்கும், அவ்வளவுதான். இதை அப்படியே டேபிளாக்கி, வரிசைப்படுத்தச் சொல்லும் ஆர்டர் பை இல்லாமல் படித்தால், டெஸ்டில் லோடு செய்த வரிசையிலேயே வந்து எல்லாம் சரியாகத் தெரியும். ப்ரொடக்ஷனில் டேபிளை மறுபடி அடுக்கும் ரீஆர்க் ஒன்று ஓடி, படிக்கும் வழியைத் தேர்வு செய்யும் ஆப்டிமைசர் வேறு இண்டெக்ஸைப் பிடித்ததும், பிரீமியம் நோட்டீஸ் வாடிக்கையாளர் எப்போதோ விற்றுவிட்டுப் போன வீட்டுக்குப் போகும். ஐஎம்எஸ்ஸிலிருந்து அன்லோடு செய்யும்போதே ஒவ்வொரு பேரன்ட்டுக்குள்ளும் ஒரு வரிசை எண் போட்டுவிடுங்கள். அதற்கு முன்னால் எல்லா டிபிடியிலும் கீ இல்லாத செக்மென்ட்டுகளையும் அவற்றின் ரூல்ஸையும் தேடி எடுங்கள். டூல் விற்பவர் இதைப் பற்றி வாயே திறக்கமாட்டார்.

அப்புறம் காம்ப்-3, அதாவது ஒரு பைட்டில் இரண்டு இலக்கமாக எண்ணை அடக்கி வைக்கும் கோபால் வடிவம். 12345 என்ற எண் மூன்று பைட்டில் 12 34 5சி என்று இருக்கும், கடைசி சி பிளஸ் குறி. ஃபைலை யாராவது டெக்ஸ்ட் மோடில் எஃப்டிபி வழியாக அனுப்பிவிட்டால், மெயின்ஃபிரேமின் எழுத்துக் குறியீடான கோட் பேஜ் 037-இலிருந்து லத்தீன்-1-க்கு மாறும்போது அது 12 94 2ஏ ஆகிவிடும். ஏ-வும் பிளஸ் குறிதான், ஆக எர்ரர் எதுவும் வராது, தொகை மட்டும் 12942. ரெக்கார்டு எண்ணிக்கை அச்சு அசலாகப் பொருந்தும்! அதனால்தான் எண்ணிக்கையை மட்டும் காட்டி கையெழுத்து வாங்கும் ரீகன்சிலியேஷனை (பழையதையும் புதியதையும் ஒப்பிடும் சோதனை) நான் ஏற்பதில்லை. பாலிசி வாரியாகத் தொகைகளைக் கூட்டி இரு பக்கமும் ஒப்பிடச் சொல்கிறேன்.

வேகம் பற்றிச் சுருக்கமாக: ஒரு டிஎல்/ஐ காலுக்கு (ஐஎம்எஸ்ஸிடம் புரோகிராம் தகவல் கேட்கும் அழைப்பு) டிபி2-வில் ஒரு செலக்ட் என்று மாற்றினால் ராத்திரி பேட்ச் காலைவரை இழுக்கும். பல டேபிள்களை ஒரே கேள்வியில் சேர்த்துப் படிக்கும் ஜாயினாகத் திருப்பி எழுதத்தான் வேண்டும், அதற்கு எஸ்டிமேட்டில் இடம் விடுங்கள்.

செலவைக் காட்டி, பழையதும் புதியதும் சேர்ந்து ஓடும் பாரலல் ரன்னை ஒரு மாதக் கடைசியோடு நிறுத்தச் சொல்வார்கள். சரி, நிறுத்தட்டும், ஆனால் வருட இறுதி பேட்ச் ஒரு தடவை ஓடி முடியும்வரை பழைய டேட்டாபேஸைப் படிக்க மட்டுமாவது விட்டுவைக்கும்படி மெயிலில் கேட்டு வைத்துவிடுங்கள். அமெரிக்க கிளையன்ட் என்றால் 1099 வரிப் படிவம் போடும் புரோகிராம்கள் ஜனவரியில்தான் எழுந்து உட்காரும், அவை எந்த செக்மென்ட்டை எந்த வரிசையில் படிக்கின்றன என்று அன்றைக்குத்தான் தெரியவரும்.