முதல் கூட்டாளி யார்? கூட்டுவதில் இருக்கிறது சூட்சுமம்

மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரி சுற்றுவட்டாரத்து மாங்கூழ் ஃபேக்டரிகள் ராப்பகலாக ஓடும். பெங்களூரா மாங்காயைப் பழுக்க வைத்து, கூழாக்கி, கிருமி நீக்கிய பைகளில் அடைத்து, ஆளால் அசைக்க முடியாத இரும்பு டிரம்களில் இறக்கி, கண்டெய்னரில் ஏற்றிவிடுவார்கள். கூடவே கஸ்டம்ஸில் ஒரு ஷிப்பிங் பில்லும் பதிவாகும். என்ன சரக்கு, என்ன மதிப்பு, எந்த நாட்டுக்கு: மூன்றும் அதில் இருக்கும். இந்தியாவின் மிகப்பெரிய வணிகக் கூட்டாளி யார் என்பது இப்படி வரும் லட்சக்கணக்கான பதிவுகளின் கூட்டல்தான்.

சரக்குக்குப் பெயர் போதாது, எண் வேண்டும். முதல் ஆறு இலக்கம் உலகம் முழுக்க ஒன்றே. 080450 என்றால் கொய்யா, மா, மங்குஸ்தான். இந்தியா மேலும் இரண்டு இலக்கம் சேர்த்துக்கொள்கிறது. எல்லாத் துறைமுகப் பதிவுகளும் கொல்கத்தாவில் உள்ள வணிகப் புள்ளியியல் தலைமை இயக்ககத்தில் சேர்கின்றன. நாடுவாரியாக ஏற்றுமதியையும் இறக்குமதியையும் கூட்டி வரிசைப்படுத்தினால் பட்டியல் தயார்.

2023-24க்கு முதலில் வெளியான பட்டியலில் சீனா சுமார் 11,840 கோடி டாலர், அமெரிக்கா 11,830 கோடி டாலர். மயிரிழை வித்தியாசத்தில் சீனா முதலிடம். பிறகு திருத்திய கணக்கில் அமெரிக்கா முந்திவிட்டது; மறு ஆண்டும் 13,180 கோடியோடு அதுவே முதலிடம். ஆனால் உள்ளே பிரித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி உறவே இல்லை. 2024-25இல் அமெரிக்காவுக்கு நாம் விற்றது 8,650 கோடி, வாங்கியது 4,530 கோடி. சீனாவிடம் வாங்கியது 11,345 கோடி, விற்றது வெறும் 1,425 கோடி. இரண்டையும் 'கூட்டாளி' என்ற ஒரே தலைப்பில் போடுவது எனக்கு என்றைக்கும் உறுத்தல்தான். போதாக்குறைக்கு, ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளையும் ஒன்றாக எண்ணினால் 2023-24இல் அது சுமார் 13,700 கோடி. சீனா, அமெரிக்கா இரண்டுமே பின்னால் போய்விடும். கஸ்டம்ஸ் எண்ணுவது சரக்கை மட்டுமே என்பதால் மென்பொருள் வருமானம் இந்தக் கணக்கிலேயே வராது.

ஏற்றுமதியில், அனுப்பும்போது தெரிந்த கடைசி நாடு எதுவோ அதன் பேரில்தான் பதிவு. தர்மபுரி, கிருஷ்ணகிரிக் குவாரிகளின் கிரானைட் பிளாக் சீனாவுக்குப் போய், அங்கே அறுத்து மெருகேறி வேறு நாட்டுச் சமையலறை மேடையானாலும், நம் ஏட்டில் அது சீனாவுக்கு விற்றதுதான். 2024-25 ஏற்றுமதிப் பட்டியலில் அமெரிக்கா, அமீரகத்துக்கு அடுத்து நெதர்லாந்து நின்றதற்கும் அங்குள்ள ராட்டர்டாம் துறைமுகமே முக்கியக் காரணம். அங்கே இறங்கும் டீசலும் சரக்கும் ஐரோப்பா முழுக்கப் பிரிந்து போகின்றன. இறக்குமதியில் கதை வேறு: எந்த வழியாக வந்தாலும், பொருள் உருவான நாட்டைத்தான் எழுத வேண்டும்.

ஏட்டைச் சரிபார்க்க ஒரு வழி, எதிராளியின் ஏட்டைப் பார்ப்பது. 2022இல் இந்தியாவுக்கு 11,850 கோடி டாலர் சரக்கு விற்றதாகச் சீனா சொல்கிறது. 2022-23இல் சீனாவிடம் 9,850 கோடிக்கு வாங்கியதாக நாம் சொல்கிறோம். அவர்கள் ஆண்டு ஜனவரியில் தொடங்கும், நம்முடையது ஏப்ரலில்; கொஞ்சம் வித்தியாசம் அதில் போகும். ஆனால் விற்பவர் கப்பலேற்றும் விலையை எழுதுவார், வாங்குபவர் கப்பல் கூலியும் காப்பீடும் சேர்த்து எழுதுவார். அப்படியானால் நம் எண்தான் பெரிதாக இருக்க வேண்டும். தலைகீழாக இருக்கிறது. வரியை மிச்சம் பிடிக்க இறக்குமதியாளர்கள் சிலர் பில்லில் விலையைக் குறைத்துக் காட்டுகிறார்கள் என்ற சந்தேகம் இந்த இடைவெளியிலிருந்துதான் எழுகிறது.