ஏரி வத்துற மாசத்துலதான் மியூசியத்துக்கு வேலை அதிகம்

ஏப்ரல் கடைசி ஆச்சுன்னா எங்க மியூசியத்துக்கு போன் வர ஆரம்பிச்சிடும். சார் சம்மர் கேம்ப் எப்போ, எந்த வயசுலேர்ந்து சேத்துக்குவீங்க, ஃபீஸ் உண்டான்னு கேப்பாங்க. பெத்தவங்க கஷ்டம் புரியுது, ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீட்ல அவ்ளோ நாள் லீவுக்கு பிள்ளைங்கள எங்க விடுறது. வழக்கமா இந்த மாதிரி கேம்ப்ல களிமண்ணு, பெயிண்டிங், காகிதத்துல பொம்மை மடிக்கிறது எல்லாம் இருக்கும், கடைசி நாள் சர்டிபிகேட் குடுத்து குரூப் போட்டோ எடுத்து அனுப்பிடுவாங்க. அதெல்லாம் நல்லதுதான், நாங்களும் செய்யிறோம். ஆனா பல வருஷமா வட மாவட்டத்துல ஒரு சின்ன மியூசியத்துல காப்பாட்சியரா வேலை பாக்குறவன்ங்கிற முறையில ஒண்ணு அடிச்சு சொல்வேன், கோடைக்கு நாம செய்ய வேண்டிய முக்கியமான வேலை மியூசியத்துக்கு வெளிய, வத்திப்போன ஏரிக்குள்ள இருக்கு.

யோசிச்சுப் பாருங்க, கோடையிலதான் ஏரி குளம் காயுது, வண்டல் அள்ள டிராக்டர் உள்ள இறங்குது, நூறு நாள் வேலையில குளத்த ஆழப்படுத்துறாங்க, தண்ணி கீழ போயிடுச்சுன்னு கிணத்த இன்னும் வெட்டுறாங்க, மழைக்கு முன்னாடி முடிச்சிடணும்னு வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டுறாங்க. வருஷத்துலயே மண்ணு அதிகமா பொரளுறது இந்த மாசங்கள்லதான். அப்போதான் அந்தக் காலத்துல செத்தவங்கள வச்சுப் பொதச்ச பெரிய பானை, முதுமக்கள் தாழி, வெளிய வருது, ஈமக்குழியோட கல்லு பொக்லைன் பக்கெட்ல மாட்டுது, ஏரிக்கரையில சாஞ்சு கெடந்த நடுகல்ல, அதாவது செத்த வீரனுக்கு நட்ட கல்ல, புரட்டிப் போட்டு மேல வண்டி ஏத்துறாங்க. யாரும் வேணும்னு செய்யிறதில்ல, அது என்னன்னு தெரியாது அவ்ளோதான். நமக்கு தகவல் வர்றதுக்குள்ள தாழி ஓடு ஓடா ஆயிருக்கும், உள்ள இருந்த மண்ணு யாரோட வயலுக்கோ போயிருக்கும்.

அந்த மண்ணுல என்ன இருக்குன்னு கேப்பாங்க. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில தோண்டினப்ப ஒரு தாழிக்குள்ள மண்ணோட சேந்து நெல் உமி கெடச்சுது, அத அமெரிக்காவுல இருக்கிற லேபுக்கு அனுப்பி காலக்கணக்கு பாத்ததுல கி.மு. 1155ன்னு வந்துச்சு, 2021 செப்டம்பர்ல சட்டமன்றத்துலயே அறிவிச்சாங்க. எங்க பக்கம் கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில கெடச்ச கரித்துண்ட வச்சு இரும்பு பயன்பாட்ட கி.மு. 2172 வரைக்கும் கொண்டு போனாங்க, அது 2022ல வந்த அறிவிப்பு. ஒரு பிடி உமி, ஒரு துண்டு கரி, அதுலேர்ந்துதான் இவ்ளோவும் வருது. இத தாழிய ஒடச்சு தங்கம் இருக்கான்னு பாத்துட்டு மண்ண கொட்டிட்டுப் போறவங்ககிட்ட சொன்னா அவங்களுக்கே மனசு கஷ்டமாயிடுது, அத நான் நேர்ல பாத்திருக்கேன்.

அதனால என் பார்வையில சம்மர் நிகழ்ச்சிக்கு முதல்ல கூப்பிட வேண்டியவங்க ஜேசிபி ஓட்டுறவங்க, டிராக்டர் வச்சிருக்கிறவங்க, கிணறு வெட்டுறவங்க, நூறு நாள் வேலைக்குப் போற அக்காமாருங்க. இவங்கதான் மண்ணுக்குள்ள இருக்கிறத முதல்ல பாக்குறவங்க, ஆனா இவங்கள்ல முக்காவாசிப் பேர் மியூசியத்துக்குள்ள காலு வச்சதே கிடையாது, உள்ள விடுவாங்களான்னே சந்தேகம் அவங்களுக்கு. நாங்க ஒரு ஞாயித்துக்கிழமை காலையில அவங்களுக்குன்னே வச்சோம். நீர்மோர், சுண்டல், ஒரு மேஜை மேல பானை ஓடு, தாழியோட விளிம்புத் துண்டு, இரும்பு உருக்கினப்ப மிஞ்சின கசடு, இதெல்லாம் கையில எடுத்துப் பாக்கச் சொன்னோம். லெக்சர் எதுவும் கிடையாது. தாழியோட விளிம்பு எவ்ளோ தடியா இருக்கும், கருப்பு சிவப்பு ஓடு எப்டி இருக்கும், அந்தப் பானைய கவுத்து வச்சு சுட்டதால உள்பக்கம் காத்து படாம கருப்பாவும் வெளிப்பக்கம் சிவப்பாவும் வந்துச்சுன்னு சொன்னோம், கேக்குறவங்கள்ல பாதிப் பேர் சூளை பாத்தவங்க, டக்குனு புடிச்சுக்கிட்டாங்க. அதுல ஒரு அக்கா, எங்க ஊரு ஏரியில இது கூடை கூடையா கெடக்குதேன்னு சொன்னாங்க. அந்த ஊர்ப் பேர் எங்க பதிவேடு எதுலயும் இல்ல.

கீழடியும் கிட்டத்தட்ட இப்டித்தான், தொல்லியல் துறை 2014-15ல அகழாய்வ ஆரம்பிக்கிறதுக்கு பல வருஷம் முன்னாடியே அந்த ஊர் பள்ளிக்கூட வரலாறு வாத்தியார்கிட்ட பசங்க தோட்டத்துல கெடச்ச பொருளெல்லாம் கொண்டு வந்து குடுத்திருக்காங்க, அவர் அத சாதாரணமா விடல. 2023 மார்ச்ல அங்க பெரிய மியூசியமே தெறந்தாச்சு. ராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி அரசுப் பள்ளியில தொன்மைப் பாதுகாப்பு மன்றம்னு வச்சு பசங்க பானை ஓடும் கல்வெட்டும் தேடிப் படிக்கிறாங்க. ஊர்ல ஒரு கண்ணு தெறந்திருந்தா போதும்னு நான் சொல்றது இத வச்சுத்தான்.

சரி பசங்களுக்கு வருவோம். பசங்களுக்கு கிளாஸ் எடுக்காதீங்க, வேலை குடுங்க. ஸ்கூல்ல பத்து மாசம் உக்காந்து கேட்டுட்டுத்தான் வர்றாங்க. எங்ககிட்ட எங்க கெடச்சதுன்னே எழுதாம வந்து சேந்த ஓடுகள் சாக்கு மூட்டையில இருக்கு, ஆராய்ச்சிக்கு பெருசா உதவாது ஆனா பழகுறதுக்கு நல்லா உதவும். அத ஒரு டப் தண்ணி, பழைய டூத்பிரஷ் குடுத்து மெதுவா கழுவச் சொல்லுவோம், வெயில்ல இல்ல நெழல்ல காயவைக்கணும், அப்புறம் விளிம்பு தனி, வயித்துப் பகுதி தனி, அடிப்பகுதி தனின்னு பிரிக்கணும், பானை மேல அந்தக் காலத்துல கீறி வச்ச குறி இருந்தா பிரஷ் போடாம தனியா எடுத்து வச்சு சொல்லணும். ஒரு மணி நேரத்துல ஏழாங்கிளாஸ் பொண்ணு விளிம்ப வச்சே இது சட்டி இது கிண்ணம்னு சொல்ல ஆரம்பிச்சிடுது. அந்தப் பொண்ணு பாட்டி ஊருக்குப் போகும்போது தரையப் பாத்துக்கிட்டேதான் நடக்கும், அதுதான் எனக்கு வேணும்.

இன்னொரு வேலை கல்வெட்ட பேப்பர்ல அச்சா படி எடுக்குறது, எங்க வளாகத்துல நிக்கிற, ஏற்கனவே படிச்சு பதிவு பண்ணின கல்லுல மட்டும்தான் பசங்கள விடுவோம். கல்ல தண்ணி ஊத்தி பிரஷ்ஷால சுத்தம் பண்ணி, ஈரப்படுத்தின பேப்பர ஒட்டி, எழுத்து பள்ளத்துக்குள்ள பேப்பர் இறங்குற மாதிரி பிரஷ்ஷால தட்டி, மேல மையத் தொட்டுத் தொட்டு ஒத்துனா எழுத்து வெள்ளையா நிக்கும், சுத்தி கருப்பு. பாத்துக்கிட்டு இருக்கிற பெரியவங்களே வாயப் பொளந்துடுவாங்க.

ஊர்ல போய் செய்யிறதுக்கு மையும் பேப்பரும் வேண்டாம், டார்ச்சே போதும். இருட்டின அப்புறம் நடுகல்லுக்கு நேரா அடிக்காம பக்கவாட்டுல கல்ல ஒட்டி சாய்ச்சு அடிங்க, பகல்ல மொட்டையா தெரிஞ்ச கல்லுல உருவமும் எழுத்தும் எழும்பி வரும், செல்போன்ல போட்டோ எடுத்துக்கலாம். எழுத்து தெரியணும்னு சாக்பீஸ் பூசுறது, மைதா மாவு தேய்க்கிறது, ஆணியால கீறி ஆழப்படுத்துறது இதெல்லாம் தயவு செஞ்சு யாரும் செய்யாதீங்க, அதே மாதிரி வேடியப்பன் கல்லுன்னு கும்புடுற நடுகல்லுக்கு பக்தியில எனாமல் பெயிண்ட் அடிச்சுடுறாங்க, எழுத்து மொத்தமா அடைஞ்சு போயிடும், மஞ்சள் குங்குமம் வச்சு கும்புடுங்க போதும்.

இந்த டார்ச் நிகழ்ச்சிக்கு நான் எப்பவும் சொல்ற கதை திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூர் நடுகல்லோடது. மகேந்திரவர்ம பல்லவனோட 34வது ஆட்சியாண்டு, கருந்தேவக்கத்திங்கிற வீரன் செத்துப் போறான், அவன் பக்கத்துல ஒரு நாயும் செதுக்கியிருக்கு, நாயோட பேரு கோவிவன், ரெண்டு கள்ளனக் கடிச்சுட்டு காத்து நின்னுச்சுன்னு வட்டெழுத்துங்கிற பழைய தமிழ் எழுத்துல எழுதி வச்சிருக்காங்க. 1400 வருஷமா ஒரு நாயோட பேரு கல்லுல இருக்கு. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்துல சண்டைக் கோழிக்கே கல்லு நட்டிருக்காங்க. இத சொன்ன ஒடனே பசங்க எங்க ஊர்லயும் ஒரு கல்லு இருக்கு சார் அதுல மாடு இருக்குன்னு ஆரம்பிச்சிடுவாங்க, நோட்டு எடுத்து எழுதிக்க ஆள் பத்தாது.

எனக்கு ரொம்பப் புடிச்ச நிகழ்ச்சி அளவை நாள். வீட்ல பரண்ல கெடக்குற, தானியம் அளக்குற படி, உழக்கு, மரக்கால் எல்லாம் எடுத்துட்டு வாங்கன்னு சொன்னா பாட்டிங்க வருவாங்க பாருங்க, அதுவரைக்கும் மியூசியம்னா படிச்சவங்க எடம்னு ஒதுங்கி நின்னவங்க அன்னைக்கு வாத்தியார். ரெண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, ரெண்டு உழக்கு ஒரு உரி, ரெண்டு உரி ஒரு படி, எட்டு படி ஒரு மரக்கால், பன்னெண்டு மரக்கால் ஒரு கலம்னு கடகடன்னு சொல்லி அரிசிய அளந்து காட்டுவாங்க, எங்க ஊர் படியும் உங்க ஊர் படியும் ஒண்ணு இல்லன்னு சண்டையும் வரும், அந்த சண்டைய அப்டியே ரெக்கார்ட் பண்ணி வைக்கிறோம் ஏன்னா ஊருக்கு ஊர் அளவு மாறினதுக்கு அதுதான் சாட்சி. பொருள யாரும் குடுத்துட்டுப் போக வேண்டியதில்ல. போட்டோ எடுத்து, அளந்து, யார் வீடு எந்த ஊருன்னு எழுதிக்கிட்டு அன்னைக்கே கையில திருப்பிக் குடுத்துடுவோம், இத முன்கூட்டியே சொல்லலன்னா பயந்துக்கிட்டு யாரும் கொண்டு வர மாட்டாங்க.

பழைய போட்டோவுக்கும் இதே ஏற்பாடுதான், ஸ்கேன் பண்ணிட்டு அப்பவே திருப்பி. போட்டோல இருக்கிறவங்க பேர அங்க வந்த பெரியவங்ககிட்டயே கேட்டு எழுதிடணும், பத்து வருஷம் போனா சொல்றதுக்கு ஆள் இருக்க மாட்டாங்க. வீட்ல வச்சிருக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், பழைய போட்டோவையும் பத்திரத்தையும் லேமினேஷன் பண்ணாதீங்க, சூட்டுலயும் பசையிலயும் ஒட்டினத அப்புறம் பிரிக்கவே முடியாது. செல்லோ டேப்பும் ஒட்டாதீங்க, மஞ்சளாகி கறை புடிச்சிடும். பின்னாடி பேர் எழுதணும்னா பேனா வேண்டாம், மெதுவான முனை இருக்கிற பென்சில்ல லேசா எழுதுங்க. பழைய செப்புக்காசு, வெண்கலச் சிலை வீட்ல இருந்தா புளி போட்டு பளபளன்னு தேய்க்காதீங்க, அந்த பச்சை படலத்தோட சேத்து எழுத்தும் போயிடும்.

இப்போ வாலண்டியர் விஷயம். நெறைய பேர் வர்றாங்க, சந்தோஷம், ஆனா வந்தவங்கள வாசல்ல நின்னு வணக்கம் சொல்லவும் சேர் தூக்கவும் மட்டும் வச்சா மறுவாரம் வர மாட்டாங்க. ஆளுக்கு ஏத்த வேலை இருக்கு. ரிட்டயர்டு விஏஓ, சர்வேயர் யாராச்சும் வந்தா அவங்கதான் எங்களுக்குப் பெரிய சொத்து, பழைய புல எண்ணும் பாண்டவர் வீடு, வேடியப்பன் மேடு மாதிரி வழக்குப் பேரும் அவங்க நாக்கு நுனியில இருக்கும், அந்தப் பேர் இருக்கிற எடத்துக்குப் போனா பாதி தடவ பலகைக் கல்லால கட்டின பழைய ஈமச்சின்னமான கல்திட்டையோ நடுகல்லோ இருக்கு. காலேஜ் பசங்களுக்கு பதிவேட்ட கம்ப்யூட்டர்ல ஏத்துறது, போட்டோவுக்கு நம்பர் போடுறது. பெரியவங்ககிட்ட ஒக்காந்து பேச்ச ரெக்கார்ட் பண்றதுக்கு வீட்டம்மாமாருங்கள மிஞ்ச ஆள் இல்ல, நாங்க கேட்டா ரெண்டு வார்த்தையில முடிச்சிடுற தாத்தா அவங்ககிட்ட சாயங்காலம் வரைக்கும் பேசுறார். வெயில் ஏறுறதுக்குள்ள காலையில ஏழுலேர்ந்து பத்து மணிக்குள்ள எல்லாத்தையும் முடிச்சிடுங்க, கத்திரி வெயில்ல பசங்கள ஏரிக்குள்ள நிக்க வைக்கிறது தப்பு. சிலைகளையும் ஓலைச்சுவடியையும் கையாளுறது மட்டும் பயிற்சி இல்லாத யாருக்கும் குடுக்கக்கூடாது, அதுல தயவு தாட்சண்யம் வேண்டாம்.

வாலண்டியரா சேர்ற எல்லாருக்கும் முதல் நாளே சொல்றது, எதையும் தோண்டி எடுத்துட்டு வராதீங்க. ஆசையில ஒரு தாழிய கயிறு கட்டித் தூக்கிட்டு வந்தா அது எந்த ஆழத்துல, எந்தப் பக்கம் பாத்து, கூட என்ன இருந்துச்சுங்கிறது எல்லாம் போயிடும், மிச்சம் இருக்கிறது ஒரு பெரிய பானை. பாத்த எடத்துல வேலைய நிறுத்தச் சொல்லுங்க, பக்கத்துல ஒரு செருப்போ பேனாவோ அளவுக்கு வச்சு போட்டோ எடுங்க, செல்போன்ல லொகேஷன் போடுங்க, விஏஓவுக்கோ தாசில்தாருக்கோ மியூசியத்துக்கோ சொல்லுங்க. சொன்னா நெலத்த புடுங்கிடுவாங்கன்னு ஒரு பயம் ஊர் பூரா இருக்கு. 1878ல வந்த புதையல் சட்டம் இன்னும் நடைமுறையில இருக்கு, 10 ரூபாய்க்கு மேல மதிப்புள்ள பொருள் கெடச்சா கலெக்டருக்கு தெரிவிக்கணும், மறைச்சா தண்டனை உண்டு, ஆனா தெரிவிச்சவருக்கும் நெலத்துக்காரருக்கும் பங்கோ பணமோ கெடைக்கவும் அதே சட்டத்துல வழி இருக்கு. இத பொறுமையா எடுத்துச் சொன்னா நெறைய பேருக்கு பயம் போயிடுது.

மத்த ஊர் காப்பாட்சியர் நண்பர்களுக்கும் ஊர் வரலாற்று ஆர்வலர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மே 18 உலக அருங்காட்சியக தினம் நம்ம ஊர் லீவுக்குள்ளயே வருது, அன்னைக்கு பேச்சுப்போட்டி மட்டும் வச்சு முடிச்சிடாதீங்க. போஸ்டர ஸ்கூல் வாசல்ல ஒட்டுற மாதிரியே ஜேசிபி நிக்கிற ஸ்டாண்டுலயும், டிராக்டர் பஞ்சர் கடையிலயும், நூறு நாள் வேலைக்கு கையெழுத்து போடுற எடத்துலயும், டீக்கடையிலயும் ஒட்டுங்க. நெறைய அரசு மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை லீவு, அத போஸ்டர்லயே போட்டுடுங்க, கூலிய விட்டுட்டு வர்ற மனுஷன் பூட்டின கேட்டப் பாத்துட்டு திரும்பக்கூடாது. தாழி, நடுகல், கருப்பு சிவப்பு ஓடு மூணுத்தோட படமும் போட்டு கீழ போன் நம்பர பெரிய எழுத்துல போடுங்க, அவங்க அத செல்போன்ல படம் புடிச்சு வச்சுக்குவாங்க, ஏரிக்குள்ள நிக்கும்போது அந்த நம்பர்தான் வேணும்.