கச்சேரிக்குப் போவது ஒரு வேலை அல்ல

திருகோணமலையில் உளவளத்துணையாளராக வேலை செய்கிறேன். "மனசு சரியில்லை" என்று வருகிறவர்களைவிட "நேரம் போதவில்லை" என்று வருகிறவர்கள்தான் இப்போது அதிகம். நித்திரை இல்லை, தலையிடி, பிள்ளைகள்மேல் எரிந்து விழுகிறேன் என்பார்கள். டொக்டரிடம் காட்டி பிரஷர், சுகர் எல்லாம் பார்த்த பிறகு என்னிடம் அனுப்பப்பட்டவர்கள். "செய்யவேண்டிய வேலைகளை எங்காவது எழுதி வைத்திருக்கிறீர்களா?" என்றுதான் முதலில் கேட்பேன். கொப்பியின் கடைசிப் பக்கம், போனில் ஒரு குறிப்பு, தனக்குத்தானே அனுப்பிய வட்ஸ்அப் செய்தி என்று ஏதாவது ஒன்று கட்டாயம் இருக்கும்.

கச்சேரி. பேங்க். மகனின் ஸ்கூல் அலுவல். ரூம் வேலை. பெரும்பாலான பட்டியல்கள் இப்படித்தான் இருக்கின்றன (கச்சேரி என்று இங்கே நாங்கள் சொல்வது மாவட்டச் செயலகத்தை). எது நடந்தால் அந்த வரியை வெட்டலாம் என்று எழுதியவருக்கே தெரியாது. அதனால் அது அடுத்த பக்கத்துக்குப் போகும், பிறகு அதற்கடுத்த பக்கத்துக்கும் போகும்.

மூதூரிலிருக்கும் ஒருவர் "நாளை கச்சேரிக்குப் போகவேண்டும்" என்று எழுதுகிறார் என்று வையுங்கள். முந்தி லோஞ்சில் துறைமுகத்தைக் கடந்து வந்த காலம் போய், இப்போது பாலங்களால் கிண்ணியா வழியாக பஸ்ஸிலேயே வரலாம். ஆனாலும் போக வர அரை நாள் போய்விடும். வரிசையில் நின்று முறை வரும்போது "கிராம அலுவலரின் உறுதிக் கடிதம் எங்கே?" என்று கேட்கிறார்கள். வந்த வழியே திரும்புகிறார். பட்டியலின்படி அவர் செய்யவேண்டியதைச் செய்துவிட்டார், கச்சேரிக்குப் போனார்தானே!

அதே ஆள், "நாளை பின்னேரம் விண்ணப்பம் ஏற்கப்பட்டு, திகதி முத்திரை குத்திய பிரதி என் கையில் இருக்கும்" என்று எழுதியிருந்தால் கதை வேறு. பேனையைக் கீழே வைக்கும் முன்னரே கேள்விகள் வரத் தொடங்கும். எவற்றை இணைக்கவேண்டும்? ஏற்கிற உத்தியோகத்தர் நாளை கந்தோரில் இருப்பாரா? போட்டோகொப்பி எத்தனை? முதல் வேலை பஸ் ஏறுவது இல்லை, காலையில் ஒரு போன் எடுப்பது என்று அப்போது தெரியவரும்.

நான் சொல்லிக்கொடுக்கிற முறை முழுவதும் இவ்வளவுதான். செய்யப்போவதை எழுதாமல், செய்து முடிந்தபோது எது எந்த நிலையில் இருக்கும் என்பதை எழுதுவது. உங்கள் மச்சானோ மனைவியோ வந்து பார்த்து "ஓம், முடிந்திருக்கிறது" அல்லது "இல்லை" என்று சொல்லக்கூடியதாக அந்த வரி இருக்கவேண்டும். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை "பௌதிகவியல் படிக்கவேண்டும்" என்று எழுதினால் அது இரவு பத்து மணியானாலும் முடியாது. "கடந்தகால வினாத்தாள் ஒன்றின் அமைப்புக் கட்டுரை வினாக்களைப் புத்தகம் பாராமல் செய்து, புள்ளித் திட்டத்தோடு ஒப்பிட்டுப் புள்ளி போட்டிருப்பேன்" என்று எழுதினால் முடியும். முடிந்தால் போய்ப் படுக்கலாம்.

படுக்கலாம் என்று சொன்னதில் ஒரு காரணம் இருக்கிறது. முடியாத வேலை முடிந்த வேலையைவிட நினைவில் ஒட்டிக்கொள்கிறது என்று புளூமா ஸைகார்னிக் என்ற உளவியலாளர் 1927இல் எழுதினார். பின்வந்த ஆய்வுகளில் அந்த முடிவு எப்போதும் அப்படியே கிடைக்கவில்லை என்றாலும், நடுச்சாமத்தில் "ஐயோ, அந்தக் கரண்ட் பில்!" என்று விழித்தவர்களுக்கு இது புதிதாக இராது. 2011இல் மசிகாம்போ, போமைஸ்டர் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு எனக்கு இன்னும் உதவியாக இருக்கிறது. வேலையை முடிக்காவிட்டாலும், அதை எப்போது, எப்படி முடிக்கப்போகிறோம் என்று தெளிவாகத் திட்டமிட்டாலே அந்த வேலை வேறு வேலைகளுக்கிடையில் வந்து குறுக்கிடுவது குறைகிறது என்று அவர்கள் கண்டார்கள். "பேங்க்" என்ற ஒற்றைச் சொல்லைத் திட்டம் என்று மனம் ஏற்றுக்கொள்ளாது.

உப்புவெளியில் சிறிய விருந்தினர் விடுதி நடத்தும் ஒரு அக்காவின் கதையைச் சொல்லவேண்டும். (அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.) இங்கே வாடைக்காற்று மழை ஓய்ந்து கடல் அடங்கிய பிறகுதான் வெளிநாட்டுக்காரர் வருவார்கள், மே முதல் செப்டெம்பர் வரைதான் நல்ல உழைப்பு. அவருடைய கொப்பியில் "ரூம் வேலை" என்ற வரி மாரி முழுவதும் பக்கம் பக்கமாக நகர்ந்துகொண்டே வந்திருந்தது. அவர் மனதில் அதற்கு அர்த்தம் பெயின்ட். பெயின்ட் என்றால் காசு, காசு என்றால் கடன். அதனால் ஒன்றும் தொடங்கவில்லை.

"ரூம் வேலை முடிந்தால் என்னக்கா இருக்கும்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "வந்து படுக்கிற ஆள் காலையில ஒரு குறையும் சொல்லாமப் போகவேணும்" என்றார். அதையே எழுதினோம்: சித்திரை வருடப்பிறப்புக்கு முன், மேல்மாடி அறைகளில் ஒருவர் ஒரு இரவு தங்கிக் குறை சொல்லாமல் எழும்பிப் போகவேண்டும். அவர் கெட்டிக்காரி, தங்கை மகனைக் கூப்பிட்டு ஒரு இரவு படுக்கவைத்தார். காலையில் தம்பி கொடுத்த குறைகள்: குளியலறைக் குழாய் விடிய விடியச் சொட்டியது, நுளம்பு வலையில் கால் பக்கம் ஓட்டை, ஃபேன் கிறீச்சிட்டது, கட்டிலுக்குப் பக்கத்தில் போன் சார்ஜ் போட பிளக் இல்லை. சுவரைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை. பிளம்பரும் எலக்ட்ரீஷியனும் வந்துபோனதோடு வேலை முடிந்தது, பெயின்ட் அடுத்த வருடத்துக்குப் போனது. முடிவை எழுதினால் எதைச் செய்யத் தேவையில்லை என்பதும் தெரியவரும். இந்த முறையில் எனக்கு அதுதான் மிகவும் பிடித்தது.

எத்தனை எழுதுவது? வாரத்துக்கு மூன்று, அதிலிருந்து நாளுக்கு மூன்று. மூன்று என்பதில் மந்திரம் எதுவும் இல்லை, கொப்பியைத் திறக்காமலே ஞாபகத்தில் நிற்கும், அவ்வளவுதான். ஆறு எழுதுகிறவர்களுக்கு ஒரு ஆய்வைச் சொல்வதுண்டு. கனடாவில் பட்டப்படிப்பு ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 33.9 நாள் என்றார்கள். எடுத்தது 55.5 நாள். 1994இல் வெளியான இந்த ஆய்வில் இன்னொரு கேள்வியும் இருந்தது: எல்லாமே பிழையாகிப்போனால் எத்தனை நாள்? அதற்கு அவர்கள் சொன்ன 48.6 நாளும் போதவில்லை. எங்கள் ஊரில் போயா (பௌர்ணமி) விடுமுறை, கரண்ட் வெட்டு, மரண வீடு எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். வாரத்தைத் திட்டமிடும்போது கலண்டரில் போயா எந்த நாள் என்று பார்க்காதவர்கள் வங்கி வாசலில் நின்றுதான் அதை அறிகிறார்கள்.

சமையல், உடுப்புத் தோய்த்தல், பிள்ளையை ரியூஷனுக்கு ஏற்றி இறக்கல் போன்றவை இந்த மூன்றில் வரக்கூடாது. நாளாந்தம் திரும்பத் திரும்ப வரும் அவற்றுக்கு முடிவு கிடையாது. அவற்றையும் போட்டுவிட்டு "ஒன்றுமே முடிக்கவில்லை" என்று அழுகிற பெண்களை நிறையப் பார்க்கிறேன். அந்த வேலைகள் எடுக்கும் நேரத்தை முதலில் கழித்துவிட்டு, மிச்சத்துக்குள் மூன்றைத் தேடுங்கள். சில வாரங்களில் மூன்றுக்கு இடமிருக்காது, ஒன்றுதான் கிடைக்கும். சரி, ஒன்று.

முடிவு உங்கள் கைக்குள் இருக்கவும் வேண்டும். கடற்றொழில் செய்கிற ஒரு ஐயா "நாளைக்கு நல்ல மீன் படவேணும் எண்டு எழுதட்டோ தம்பி?" என்று என்னைப் பகிடி பண்ணினார். மீன் படுவது கடலின் கையில் இருக்கிறது. வலை பொத்தி, மண்ணெண்ணெய் ஏற்றி, எஞ்சின் முதல் இழுவையிலேயே ஸ்டார்ட் ஆகிற நிலையில் இன்று பொழுதுபடும்போது படகு கரையில் நிற்பது அவர் கையில் இருக்கிறது. "வேலை கிடைத்திருக்கும்" என்று எழுதுகிற இளைஞர்களுக்கும் இதையே சொல்கிறேன்: அனுப்பிய விண்ணப்பம் உங்களுடையது, நியமனக் கடிதம் அவர்களுடையது.

ஒரு எச்சரிக்கை. இரண்டு வாரத்துக்குமேல் எதிலும் மனம் செல்லாமல், நித்திரையும் சாப்பாடும் கெட்டு, உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தால் கொப்பியை மூடிவிட்டு உதவி தேடுங்கள். அங்கே திட்டமிடல் மருந்தாகாது. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கதைக்கலாம்.

கந்தோர்களில் வேலை செய்கிறவர்கள் கடைசியில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "நாங்கள் மூன்று எழுதுகிறோம் சேர், பத்து மணிக்கு மேலதிகாரி நாலாவதாக ஒரு ஃபைலைக் கொண்டுவந்து வைக்கிறாரே?" முடியாது என்று சொல்லவேண்டாம். கொப்பியை எடுத்துக்கொண்டு போய்க் காட்டி, "இது இன்று முடிய வேண்டுமென்றால், இந்த மூன்றில் எதை நாளைக்கு வைக்கட்டும்?" என்று கேளுங்கள். பல மேலதிகாரிகளுக்கு உங்கள் மேசையில் என்ன இருக்கிறது என்பதே தெரியாது. சிலர் யோசித்து ஒன்றைக் காட்டுவார்கள். சிலர் "எல்லாமே இன்றைக்கு" என்பார்கள். அப்படிச் சொல்கிறவரிடம், முதலில் எது என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டு வந்துவிடுங்கள்.